என் பேரில் லைன் கிளியர்

வெண்ணந்தூர்
4.8.2024

திரு. தீர்த்தகிரி அவர்களுக்கு,

வணக்கம் போட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் மணியன் மகள் அன்புச்செல்வி. ஒன்பது வருசத்துக்கு முன்னால், ஐப்பசி மாசத்தில், தறிப்பட்டறைக்குப் பின்னால் உள்ள கம்பத்தில் கரன்ட் பாய்ந்து செத்துப்போன லைன்மேன் மணியன். அன்றைக்கு சப்-ஸ்டேஷனில் டியூட்டி ஆபரேட்டர் நீங்கள். சுவிட்சைப் போட்ட கை உங்களுடையது. எங்கள் அம்மா உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியபோது, பக்கத்தில் பிளஸ் டூ யூனிபார்மோடு நின்ற பெண் நான்தான்.

உங்கள் நம்பரைத் தேடிப் பிடித்து மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் உங்கள் சம்சாரம்தான் எடுத்தார். "அவரு போன்ல பேசமாட்டாரும்மா, எதுவா இருந்தாலும் எழுதிப் போடு" என்று கெங்கவல்லி விலாசத்தைச் சொன்னார். இந்தக் காலத்தில் கடிதாசி எழுத வைத்துவிட்டீர்கள்.

அப்பா வேலையை வாரிசு என்று எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன். ஆபீஸ் வேலை வேண்டாம், லைன் வேலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இப்போது வயர்மேன். அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது, சிரிக்க வேண்டாம்.

எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன், உங்களுக்கு மறந்திருந்தால் உதவும். கம்பத்தில் ஏறுமுன் சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, பேரைச் சொல்லி லைன் கிளியர், சுருக்கமாக எல்.சி., வாங்க வேண்டும். ஆபரேட்டர் கரன்ட்டை நிறுத்தி, பேரை நோட்டில் எழுதுவார். வேலை முடிந்து எல்லாரும் இறங்கின பிறகு, வாங்கின ஆளே போன் போட்டு எல்.சி. ரிட்டன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவிட்சைத் தொடலாம்.

அன்றைக்கு எல்.சி. வாங்கினவர் எங்கள் அப்பா. ரிட்டன் செய்ததாக உங்கள் நோட்டில் எழுதியிருப்பதும் எங்கள் அப்பா பேர். அவரோ அந்நேரம் கம்பத்தின் மேல் இருந்தார். அப்படியானால் போன் பண்ணினது யார்? இல்லை, ஊரார் சொல்கிற மாதிரி போனே வராமல் நீங்களாக எழுதிக்கொண்டீர்களா?

தினமும் அதே லைனில்தான் நிற்கிறேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புச்செல்வி


கெங்கவல்லி
12.8.2024

மணியன் மகள் அன்புச்செல்விக்கு,

தங்கள் கடிதம் 8ஆம் தேதி காலை 11.20க்குக் கிடைத்தது. நேரம் எழுதுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

போன் வந்தது. நானாக எழுதவில்லை. விசாரணையிலும் இதைத்தான் சொன்னேன். கம்பத்தின் மேல் இருந்தவன் எப்படிப் போன் பண்ணுவான் என்று கேட்டார்கள். தண்டனை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். பிறகு நானே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றேன். இங்கே கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் பாக்கு. கிணற்று மோட்டார் சுவிட்சைக்கூட என் மனைவி சரிதாதான் போடுகிறாள்.

நான் போனில் பேசாததற்குக் காரணம் திமிர் இல்லை. அந்தக் கருவியில் யார் எந்தப் பேரைச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கடிதம் என்றால் கையெழுத்தாவது இருக்கும்.

அந்தப் பழசைக் கிளறி ஆகப்போவது ஒன்றும் இல்லை. தாங்கள் ஏன் லைன் வேலைக்குப் போனீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆபீசில் ஒரு நாற்காலி கிடைக்காமலா போயிருக்கும்?

இப்படிக்கு,
தீர்த்தகிரி


வெண்ணந்தூர்
18.8.2024

தீர்த்தகிரி சார் அவர்களுக்கு,

"ஆபீசில் ஒரு நாற்காலி" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அம்மாவும் நீங்களும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறீர்களா என்று ஒரு நிமிசம் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா உங்கள் பேரைக் கேட்டாலே வாசலைப் பார்த்துத் துப்புகிறவள். இந்த ஒரு விசயத்தில் மட்டும் உங்களுக்குள் ஒற்றுமை.

ஏன் போனேன் என்றால், எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பம் ஏறுகிற தேர்வில் எனக்கு முன்னால் ஏறின இரண்டு ஆம்பிளைகள் பாதியிலேயே இறங்கிவிட்டார்கள். நான் உச்சிக்குப் போய் பெல்ட்டை மாட்டிச் சாய்ந்து நின்று பார்த்தேன். அலவாய்மலை தெரிந்தது. காற்று அடித்தது. இறங்கவே மனசில்லை. அப்பா ஏன் ஒருநாள்கூட இந்த வேலையைத் திட்டவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாசத்தில் இரண்டே தடவைதான் ஏறியிருக்கிறேன். எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் சின்னண்ணன். உங்களுக்குத் தெரிந்தவர்தான், அப்பாவோடு ஒரே கேங்கில் இருந்தவர். எனக்கு மாமா முறை மாதிரி. நான் பெல்ட்டை எடுத்தாலே போதும், "நீ கீழ நில்லு சாமி, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் பொழப்பு" என்று பிடுங்கி கவினிடம் கொடுத்துவிடுவார். கவின் என்னோடு சேர்ந்தவன், பாவம், அவனுக்கும் சங்கடம். நான் கீழே நின்று மரக்கிளை இழுப்பேன், சாமான் எடுத்துக் கொடுப்பேன், சப்-ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுவேன். கீழேயே நிற்கிறவள் என்று எல்.சி.யும் முக்கால்வாசி நாள் என் பேரில்தான் வாங்குகிறார்கள். போன வாரம் ஒரு பாட்டாளி அம்மா சும்மாட்டோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, உங்கூட்டுல ஆம்பளைங்க யாருமில்லியா?" என்று கேட்டது. இல்லைங்க, செத்துட்டாருங்க என்றேன். வாயை மூடிக்கொண்டு போய்விட்டது.

இப்போது புதிதாக ஒன்று. என்னை ஆபீசுக்கு மாற்றிக்கொள்ள எனக்கே சம்மதம் என்று ஒரு தாள். சின்னண்ணன் மாமாவே டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். நான் கையெழுத்து மட்டும் போட வேண்டுமாம். இஞ்சினியரும் செப்டம்பர் முப்பதுக்குள் கொடு என்கிறார். ஒரு தடவை போட்டுவிட்டால் திரும்ப லைனுக்கு வரவே முடியாது. அம்மா தினமும் சோறு போடுகிறபோதெல்லாம் அந்தத் தாளை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். எனக்குப் போட இஷ்டமில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. போன் வந்தது என்றீர்கள். பேசினது யார்?

அன்புச்செல்வி


கெங்கவல்லி
27.8.2024

அன்புச்செல்விக்கு,

ஐந்து நாள் யோசித்து எழுதுகிறேன். இனி ஒருமையில் எழுதுகிறேன். என் மகளுக்கும் உன் வயசுதான் இருக்கும்.

வாங்கின ஆளே ரிட்டன் செய்ய வேண்டும் என்பது புத்தகத்தில் உள்ளது. நடப்பு வேறு. கேங் மூன்று இடத்தில் பிரிந்து நிற்கும். வாங்கினவன் ஒரு கம்பத்தில், லைனைப் பிரிக்கிற கம்பத்துச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இன்னொருவன். வேலை முடிந்தது என்று தெரிந்ததும் போன் யார் கையில் இருக்கிறதோ அவன், வாங்கினவன் பேரைச் சொல்லி ரிட்டன் செய்துவிடுவான். நோட்டில் பேர் ஒத்துப்போனால் போதும். எல்லாம் ஆம்பிளைக் குரல். ஒருவர் பேரை ஒருவர் சொல்வது எங்களுக்குத் தப்பாகவே படவில்லை. நானே எத்தனையோ முறை தெரிந்தே எழுதியிருக்கிறேன். அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உன் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முதல் வார்த்தை "சாப்ட்டாச்சுங்களா?" என்பதுதான். காலை ஏழு மணிக்கும் அதுதான், மழையில் நனைந்துகொண்டே கூப்பிட்டாலும் அதுதான். பதில் சொன்ன பிறகுதான் எல்.சி. பேச்சு.

அன்றைக்கு 11.52க்கு வந்த போன் அதைக் கேட்கவில்லை. "மணியன் பேசறனுங்க, எல்.சி. ரிட்டன்" என்றது. அவ்வளவுதான். இது மணியன் இல்லை என்று எனக்குத் தெரிந்தது, அன்புச்செல்வி. நன்றாகவே தெரிந்தது. தறிக்காரர்கள் காலையிலிருந்து கரன்ட் எப்போ வரும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வழக்கமாக நடப்பதுதானே என்று போட்டுவிட்டேன்.

விசாரணையில் குரல் மணியன் குரல் மாதிரியே இருந்தது என்று சொன்னேன். அது பொய். வேறு குரல் என்று சொல்லியிருந்தால், தெரிந்தும் ஏன் போட்டாய் என்று கேட்டிருப்பார்கள். ஆகவே நான் யாரையும் காப்பாற்றவில்லை, என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்தக் குரல் யாருடையது என்றும் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலை அந்த முகத்தில் நீ எப்படி முழிப்பாய்?

தீர்த்தகிரி


வெண்ணந்தூர்
8.9.2024

சார்,

"நாளைக் காலை அந்த முகத்தில்" என்று எழுதினீர்களே, பேரையே எழுதியிருக்கலாம். நான் காலையில் முழிக்கிற முகம் எத்தனை? அம்மா, கவின், சின்னண்ணன் மாமா. அன்றைக்கு அந்த கேங்கில் இருந்தவர் இதில் ஒருவர்தான்.

புதன்கிழமை டீக்கடையில் மற்றவர்கள் எழுந்துபோன பிறகு கேட்டேன். எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் வாயில் வந்தது, "மாமா, அன்னைக்குப் போன் போட்டது நீங்களா?" என்பதுதான். டீ கிளாசைக் கீழே வைத்தார். ஆமாஞ்சாமி என்றார். ஒன்பது வருசமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த ஆள் மாதிரி, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வேலை முடிந்து அப்பா இறங்கிவிட்டாராம். தப்பித்தவறி கரன்ட் வந்தாலும் மண்ணுக்கு இறக்கிவிடுகிற எர்த் ராடெல்லாம் கழற்றியாகிவிட்டது. மாமா ஐந்து கம்பம் தள்ளி கம்பத்துச் சுவிட்சுக்குக் கீழே நின்று, அப்பா இறங்கினதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டிருக்கிறார். அப்பா கட்டிங் பிளேயரை மேலேயே வைத்துவிட்டார். எல்.சி.தான் தன் பேரில் இருக்கிறதே, தான் சொல்லாமல் கரன்ட் வராது என்று எடுக்கத் திரும்ப ஏறியிருக்கிறார். ஒரு கட்டிங் பிளேயர், சார். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அம்மா அதை வைத்துத் தேங்காய் நார் உரிக்கிறாள்.

"உன்னையக் கம்பத்துல பாத்தா எனக்குக் கை கால் ஓடாது சாமி, அதுக்குத்தான் ஏறவே உடறதில்ல" என்று அழுதார். நானும் அழுதேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வந்தது கோபம்தான். பதினான்கு மாசமாகப் பொம்பளைப் பிள்ளை, பொம்பளைப் பிள்ளை என்று சொல்லி என்னைத் தரையில் நிறுத்தியது, என் பாதுகாப்புக்காக இல்லை. அவர் தூங்குவதற்காக. பொம்பளை என்பது கைக்குச் சுலபமாகக் கிடைத்த சாக்கு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் உட்பட.

உங்கள் மேலும் கோபம்தான். "சாப்ட்டாச்சுங்களா" இல்லாமல் வந்த போன் என்று தெரிந்திருக்கிறது. பஸ் கண்டக்டரிடம்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் அப்பா டிக்கெட் வாங்குவார். அந்த ஒரு வார்த்தை குறைந்ததற்காக நீங்கள் ஒரு நிமிசம் நின்றிருக்கக் கூடாதா?

இனி யாரை நம்பி நான் கம்பம் ஏறுவது? மேலே இருக்கும்போது கீழே எவனாவது என் பேரைச் சொல்லிப் போன் போடமாட்டான் என்று என்ன நிச்சயம்? அம்மா ஜெயித்துவிட்டாள். முப்பதாம் தேதி அந்தத் தாளில் கையெழுத்துப் போடப்போகிறேன். பில் கவுண்டரில் உட்கார்ந்து சீல் குத்துகிறேன்.

அன்புச்செல்வி


கெங்கவல்லி
13.9.2024

அன்புச்செல்விக்கு,

ஒரு நிமிசம் நின்றிருக்கலாம். ஒன்பது வருசமாக அந்த ஒரு நிமிசத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ சொல்ல எனக்கு வாய் இல்லை. யாரை நம்பி ஏறுவது என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை. என் பக்கத்திலிருந்து சொன்னால், என்னை நம்பி ஏறினவனை நான் கொன்றிருக்கிறேன்.

உன் கடிதத்தைச் சரிதா படித்துவிட்டாள். அந்தக் கம்பத்து உச்சியிலிருந்து மலை தெரிந்தது என்று எழுதியிருந்த பழைய கடிதத்தையும் எடுத்துப் படித்தாள். "இந்தப் பொண்ணு சீல் குத்தப் போவுதா?" என்றாள். அதை மட்டும் உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

தீர்த்தகிரி


வெண்ணந்தூர்
6.10.2024

அன்புள்ள தீர்த்தகிரி சாருக்கு,

வணக்கம். இந்தத் தடவை மனசோடு போடுகிறேன்.

முப்பதாம் தேதி அந்தத் தாளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பினதும் கொடுப்பதாகத் திட்டம். முந்தின நாள் மழைக்கு ஒரு வேப்பமரம் லைன் மேல் சாய்ந்திருந்தது. கவின் ஏறினான். எல்.சி. என் பேரில். எல்.சி. நம்பரை எழுதப் பேப்பர் கிடைக்காமல் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் கதை விளங்காது. ஆம்பிளைகள் அவசரம் என்றால் வேலியோரம் திரும்பி நின்றுகொள்வார்கள். நான் பாத்ரூம் இருக்கிற வீடு தேடி நடக்க வேண்டும். அன்றைக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டம்மாவிடம் கேட்டு, போய்விட்டு வெளியே வருகிறேன், போன் அடிக்கிறது. சப்-ஸ்டேஷனிலிருந்து சிவபிரகாஷ், இப்போது உங்கள் நாற்காலியில் இருக்கிற ஆபரேட்டர்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்குத் தொண்டை கிண்டை கட்டிக்கிச்சுங்களா?"

"இல்லீங்களே, ஏனுங்க?"

"இப்ப ஒரு கட்டக்குரலு, 'அன்புச்செல்வி, எல்.சி. ரிட்டன்'னு சொல்லுது. நான் சிரிச்சுட்டேன். அன்புச்செல்விக்கு எப்பங்க மீசை மொளைச்சுதுன்னு கேட்டேன். போனு கட்டாயிருச்சு. நீங்க குடுத்தீங்களா இல்லீங்களா?"

"குடுக்கலீங்க! போட்றாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். செருப்பு அந்த வீட்டு வாசலிலேயே கிடந்தது, மறுநாள்தான் போய் எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் எர்த் ராடு தரையில் கிடக்கிறது. கவின் இன்னும் உச்சியில் நின்று பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்து, என்னாச்சு, நாய் தொரத்துதா என்று மேலேயிருந்து கேட்டான்.

போன் போட்டவர் போர்மேன் சரவணமுத்து, இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் எங்கள் கேங்குக்கு மாற்றலாகி வந்தவர். கெட்ட மனுசன் இல்லை. வளைவுக்கு அந்தப்பக்கம் கம்பத்துச் சுவிட்சுக்குக் கீழே நின்றிருக்கிறார். ராடு கழற்றியாச்சு என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. நோட்டில் என்ன பேர் இருக்கிறதோ அதைச் சொல்வது முப்பது வருசப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது பெண்பிள்ளைப் பேர் என்று அவருக்கே உறைத்திருக்கிறது. விசயம் தெரிந்ததும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

நோட்டில் கவின் பேரோ மாமா பேரோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

மறுநாள் கவின் பெல்ட்டைத் தொடவில்லை. "எல்.சி. அன்பு பேருல வாங்குனா ஏறறேன். இல்லீன்னா நீங்களே ஏறிக்கங்க" என்றான். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். என் பேரை மட்டும் இவர்களில் எவனாலும் போனில் சொல்ல முடியாது. இத்தனை நாள் பொம்பளை என்று சொல்லி என்னைத் தரையில் நிறுத்தினார்கள்; அந்தப் பொம்பளைக் குரல்தான் இப்போது எல்லாருக்கும் வேண்டும்.

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, கூடவே சுருக்கென்றது. அப்படியானால் நான் காலத்துக்கும் கீழேயே நின்று போன் பேச வேண்டியதுதானே? ஆகவே சொல்லிவிட்டேன். "எம்பேருலயே வாங்கறனுங்க. போனு என்ர பாக்கெட்டுல இருக்கும். ஆனா முறை போட்டுத்தான் ஏறோணும். இன்னைக்கு என்ர முறை." மாமா என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். பெல்ட்டை எடுத்து அவரே என் இடுப்பில் மாட்டி, கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏறு சாமி என்றார்.

அது அப்பாவின் கம்பம் இல்லை. ஆட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு கம்பம். இருபது நிமிச வேலை. மாமா கீழே நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி, எல்லாத் தலையையும் எண்ணிவிட்டு, சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். சிவபிரகாஷ் எடுத்ததும் என்னை அறியாமல், "சாப்ட்டாச்சுங்களா?" என்று வந்துவிட்டது. "என்னங்க புதுசா?" என்றார். பிறகு சொன்னேன்: "அன்புச்செல்வி. எல்.சி. ரிட்டன்."

ஆபீஸ் மாற்றத் தாளை இஞ்சினியரிடம் கொடுக்கவில்லை. அதுதான் பின்பக்கம் நம்பர் எழுதிக் கறையாகிவிட்டதே. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டிபன் பாக்சில் ஒரு முட்டை கூடுதலாக இருந்தது.

இன்னொன்று. அன்றைக்கு உங்களுக்குப் போன் போட்டது தான்தான் என்று மாமா கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் கேட்கவில்லை. "எங்க குடுக்கோணுமோ அங்க குடு சாமி" என்றார். அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் தெரியவில்லை. அந்தத் தாள் என் பெட்டியில் இருக்கிறது. தண்டனை வாங்கினவர் நீங்கள், நீங்கள் சொல்லுங்கள்.

வருகிற 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு உங்கள் நம்பருக்குக் கூப்பிடுவேன். சரிதா அம்மாவை எடுக்கவிடாதீர்கள். யார் பேசுகிறார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம் வராது. முதல் வார்த்தையாக என்ன கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
அன்புச்செல்வி


கெங்கவல்லி
10.10.2024

அன்புள்ள அன்புச்செல்விக்கு,

கடிதம் இன்று 10.40க்குக் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை சரிதா சத்தமாகப் படித்தாள்.

சின்னண்ணன் எழுதிக் கொடுத்த தாளை ஆபீசுக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். அதில் குரல் தெரிந்தும் நான் சுவிட்சைப் போட்டேன் என்று ஒரு வரி குறையும். அதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே வை. முதலில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அவர்கள் தூற்றின மண்ணில் பாதி எனக்குச் சேர வேண்டியதுதான். செய்யாததற்கு வந்த மீதிப் பாதிதான் இத்தனை வருசம் கனத்தது.

வழக்கமாக நான் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றுக்குத்தான் சாப்பிடுவேன். 20ஆம் தேதி மட்டும் ஒன்பதரைக்கே சாப்பிட்டுவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்கும்போது பொய் சொல்லக் கூடாது.

தீர்த்தகிரி